கட்டுவிரியன் கடியும் நரம்புச் செய்தியும்

கட்டுவிரியன் இரவில் நடமாடும் கொடிய நச்சுப் பாம்பு. திருவள்ளூர் மாவட்டத்து வயலோரக் குடிசைகளிலும், செங்கல் சூளைகளிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புகளிலும் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கே இதனால் ஆபத்து அதிகம். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி வரலாம். பிறகு இமைகள் தொங்கும், விழுங்க இயலாது, இறுதியில் மூச்சு நின்றுவிடும். நரம்பணு வேலை செய்யும் விதம் தெரிந்தால் இதன் காரணம் விளங்கும்.

ஓய்வில் உள்ள நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். தூண்டல் கிடைத்ததும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இம்மாற்றம் ஆக்சான் என்னும் நீண்ட இழை வழியே அடுத்தடுத்துப் பரவுவதே நரம்புச் செய்தி. கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று இது; வேகமும் அவ்வளவில்லை. மயலின் உறையுள்ள தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறையற்ற மெல்லிய இழைகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்.

இழையின் முனைக்கும் தசைக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. மின் மாற்றம் அதைத் தாண்டாது. முனையிலுள்ள சிறு பைகளிலிருந்து அசிட்டைல்கோலைன் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு, தசையிலுள்ள ஏற்பிகளில் பொருந்தும்; தசை சுருங்கும்.

பாம்பின் நஞ்சு தாக்குவது இந்த இடைவெளியைத்தான். நல்ல பாம்பின் நஞ்சு ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. பூட்டுக்குள் வேறு சாவி சிக்கியதுபோல. கட்டுவிரியன் நஞ்சோ நரம்பு முனையையே சிதைத்துவிடும். செய்தி முனைவரை வரும். அதைத் தசைக்குக் கொடுக்க ஆளில்லை.

எனவேதான் காலம் முக்கியம். நஞ்சுமுறி மருந்து இரத்தத்திலுள்ள நஞ்சை முறிக்கும். சிதைந்த முனையைச் சரிசெய்யாது. கடிவாய் தெரியவில்லை என்று விடியும்வரை காத்திருப்பது பெருந்தவறு. இந்தியாவில் நஞ்சுமுறி தயாரிக்க வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை, 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே அளித்து வந்துள்ளது.

முனைகள் மீண்டும் வளரச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் ஆகும். அதுவரை செயற்கைச் சுவாசம் தந்தால் பிழைக்கலாம். அந்நாட்களில் நோயாளி கண் திறக்காவிட்டாலும் மயங்கியவர் என்று கொள்ள முடியாது. முடங்கியவை தசைகளே, செவியின் நரம்புகள் வேலை செய்கின்றன. கட்டிலருகே பேசுவது அவருக்குக் கேட்கக்கூடும்.