பால்வினை நோய்கள்: புண் ஆறினால் நோய் தீர்ந்ததாகுமா?

மதுரையின் கோடையில் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஏற்பட்டால், ‘உடல் சூடு’ எனக் கருதி இளநீரும் மோரும் அருந்துவது வழக்கம். போதிய நீர் அருந்தாமையால் நீர்க்கடுப்பு உண்டாவது உண்மையே. ஆயின், எரிச்சலுடன் சீழும் வடிந்தால் அதனைச் சூடு என்று விட்டுவிடலாகாது. அது பால்வினை நோயாக இருக்கலாம்.

காரணங்கள்

பால்வினை நோய்கள் பெரும்பாலும் பாதுகாப்பற்ற உடலுறவின் மூலம் பரவுகின்றன. வெட்டை எனப்படும் கொனோரியா, கிளமிடியா, மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் ஆகியவை பாக்டீரியாக்களால் உண்டாகின்றன. பிறப்புறுப்பு ஹெர்பீஸ், மருக்கள், ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு வைரஸ்கள் காரணம். இவற்றுள் சில, தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவக்கூடும்.

அறிகுறிகள்

• சிறுநீர்க் குழாயிலிருந்து சீழ் வடிதல், எரிச்சல்
• துர்நாற்றத்துடன் அல்லது நிறம் மாறி வெள்ளைப்படுதல்
• பிறப்புறுப்பில் புண், கொப்புளம் அல்லது மரு
• தொடை இடுக்கில் நெறி கட்டுதல்
• பெண்களுக்கு அடிவயிற்று வலி

கொனோரியா, கிளமிடியா நோய்கள் பெண்கள் பலரிடம் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. கவனியாது விட்டால் கருக்குழாய் பாதிக்கப்பட்டு, குழந்தைப்பேறு தடைபடக்கூடும்.

மறைந்திருக்கும் மேகப்புண்

சிபிலிஸ் தொற்றிய ஏறத்தாழ 3 வாரங்களில் வலியற்ற புண் ஒன்று தோன்றும். வலி இல்லாததால் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுகின்றனர். சில வாரங்களில் புண் ஆறிவிடும். ஆனால், அது களிம்பால் ஆறியதன்று; சிகிச்சை இன்றியும் அப்புண் ஆறும் இயல்புடையது. கிருமி உடலிலேயே தங்கியிருக்கும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்புகள் தோன்றி மறையலாம். பல ஆண்டுகள் கழித்து இதயம், மூளை, நரம்புகள் பாதிக்கப்படலாம்.

இதற்கிடையில் அவருடைய மனைவிக்கும் தொற்று ஏற்படலாம். அவர் கருவுற்றிருந்தால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், பிறவிக் குறைபாடு ஆகியவை நேரலாம். ஆகவே, கர்ப்பிணிகள் அனைவரும் முதல் பரிசோதனையின்போதே சிபிலிஸ், எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். உரிய காலத்தில் அளிக்கப்படும் பென்சிலின் ஊசி தாய், சேய் இருவரையும் காக்கும்.

சிகிச்சை

பாக்டீரியாவால் வரும் பால்வினை நோய்கள் முற்றிலும் குணப்படுத்தக்கூடியவை. தொடக்க நிலைச் சிபிலிஸுக்கு ஒரு முறை இடப்படும் பென்சாதைன் பென்சிலின் ஊசியே பெரும்பாலும் போதுமானது. ஹெர்பீஸை முற்றிலும் நீக்க இயலாவிடினும் மருந்துகளால் அதன் தாக்கத்தைக் குறைக்கலாம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மையங்களில் இலவசமாக அளிக்கப்படுகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

• அறிகுறிகள் நின்றாலும் மருந்தை முழுமையாக உட்கொள்ளுங்கள்.
• உங்கள் துணைவருக்கும் சிகிச்சை அவசியம். இல்லையெனில் நோய் மீண்டும் தொற்றும்.
• சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிருங்கள்.
• பின்னர் ஆணுறையை முறையாகப் பயன்படுத்துங்கள்.
• ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. தடுப்பூசிகள் குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கு செல்வது?

மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவை அணுகலாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதியினர் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே முதலில் மருத்துவரைக் காணலாம். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நம்பிக்கை மையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தகவல் பெற 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

உங்கள் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும். எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பால்வினை நோயும் ஏனைய தொற்றுகளைப் போன்றதொரு தொற்றே. கூச்சத்தால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் உங்கள் குடும்பத்தையும் பாதிக்கக்கூடும்; இன்றே மருத்துவரை அணுகுங்கள்.