மருத்துவக் காப்பீட்டு அட்டை

கூலி வேலை செய்து குடும்பம் காக்கும் ஒருவனுக்கு நெஞ்சில் நோவு காண்கின்றது. இதயத்தில் அறுவை செய்தல் வேண்டும் என்கின்றனர் மருத்துவர். தனியார் மருத்துவமனையில் அதற்காகும் செலவோ இலட்சங்களைத் தொடும். மனைவியின் காதிலுள்ள தோடும், தந்தை விட்டுச் சென்ற அரை ஏக்கர் நிலமும் அவன் நினைவிற்கு வருகின்றன. அவற்றை விற்றால் உயிர் பிழைக்கலாம். பிழைத்தபின் உண்பதற்கு வழி ஏது?

இத்தகைய இடுக்கண் களைதற்பொருட்டுத் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு தொடங்கப்பெற்றது. 2012ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என வழங்கலாயிற்று. 2018இல் நடுவணரசின் திட்டத்தோடு இணைந்தபின், ஒரு குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற இடமுண்டாயிற்று. காப்பீட்டிற்குரிய தொகையைக் குடும்பத்தார் செலுத்துவதில்லை, அரசே செலுத்துகின்றது.

இதனைப் பெறுதற்குரியார் யாவர்? குடும்ப அட்டையில் பெயர் உடையராய், வருமான வரம்பிற்கு உட்பட்டோர். அவ்வரம்பு முன்னர் ஆண்டிற்கு 72,000 ரூபாயாக இருந்து, 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது குடும்பத்தார் அனைவரும் ஈட்டும் வருவாயின் தொகை என்பது கருதத்தக்கது. கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்து வாழும் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் ஒரு குடும்பமாகக் கொள்ளப்படுவர். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு வருமான வரம்பு இல்லை.

விண்ணப்பிக்கும் முறை கடினமன்று. கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையினரிடமோ வருமானச் சான்று பெறுதல் வேண்டும். அதனையும் குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்திற்குச் செல்லுதல் வேண்டும். அங்கே விவரங்கள் சரிபார்க்கப்பட்டுக் குடும்பம் பதிவு செய்யப்படும்.

பலர் இடர்ப்படுவது பெயரினால்தான். ஓர் அட்டையில் முருகாயி என்றும் மற்றோர் அட்டையில் முருகாயம்மாள் என்றும் இருப்பின், இருவரும் ஒருவரே என்று ஊரார் அறிவர், ஏடு அறியாது. மணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடப்பதும் உண்டு. இவற்றைத் திருத்தச் சில நாட்களேனும் செல்லும். நோய் வந்தபின்னும் பதிவு செய்துகொள்ள வழியுண்டெனினும், நோயாளியைப் படுக்கையில் விட்டுவிட்டுச் சான்றுக்காக அலையும் துன்பம் சொல்லுந்தரத்ததன்று. உடல் நலமாயிருக்குங்கால் அரைநாள் கூலியை இழந்து இவ்வட்டையைப் பெற்று வைத்தவர் அத்துன்பத்திற்கு ஆளாவதில்லை.

சளி, காய்ச்சல் போன்றவற்றிற்கு வந்து மருந்து பெற்றுச் செல்வார்க்கு இக்காப்பீடு பயன்படாது. இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரக நோயாளர்க்குக் குருதி தூய்மை செய்தல் முதலிய, பட்டியலில் அடங்கிய சிகிச்சைகட்கே இஃது உரியது. மருத்துவமனையும் திட்டத்தில் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஆங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டினால், மருத்துவமனையாரே முன்ஒப்புதல் பெற்றுச் சிகிச்சையைத் தொடங்குவர். அதற்குரிய தொகை அவர்கட்கு நேரே சென்று சேரும். ஒப்புதல் பெற்ற சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் கேட்பின், 1800 425 3993 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.