பன்னிரண்டு டஜன் முப்பத்தாறு ஆன கதை

திருப்பூர் ராயபுரத்தில் என் உறவினர் ஒருவர் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறார். சிவப்பு, நீலம், வெள்ளை என மூன்று நிறங்கள். 80, 85, 90, 95 செ.மீ. என நான்கு அளவுகள். தைத்த டஜன் கணக்கை மாலைதோறும் நோட்டில் எழுதுவார். டெய்லர்களுக்குக் கூலியும் அந்தக் கணக்கின்படிதான். "இதை கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க மாப்பிள்ளை" என்றார்.

பைத்தான் மொழியில் எழுதினேன். 2008-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து பெயர்களைத் தமிழிலேயே இடலாம் என்பது கூடுதல் வசதி.

முதல் நாளே வில்லங்கம். 85 அளவுச் சிவப்பில் 12 டஜன் என்று பதிந்தோம். நீலத்திலும் 12, வெள்ளையிலும் 12 என்று காட்டியது. மொத்தம் 36! தைக்காத 24 டஜனுக்கு யார் கூலி கொடுப்பது?

மாணவ நண்பர்களே, தவறு கணிப்பொறியுடையது அன்று, என்னுடையதே. எப்படி என்று பார்ப்போம்.

சிவப்பு = [0, 0, 0, 0]

சதுர அடைப்புக்குறி நினைவகத்தில் ஒரு பட்டியலை உருவாக்குகிறது. 'சிவப்பு' என்பது அதைச் சுட்டும் பெயர்ச்சீட்டு மட்டுமே. சுழியங்களை ஏன் முன்கூட்டியே நிரப்புகிறோம்? வெறும் [] என்று தொடங்கினால் அதில் இடமே இராது. இல்லாத இடத்தில் 12-ஐ வை என்றால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். இடங்களை 0, 1, 2, 3 என்று எண்ணுவதால் 85 அளவுக்கு உரியது 1-ஆம் இடம்.

இதையே [0] * 4 என்றும் சுருக்கி எழுதலாம். சுருக்கத்தில் ஆசை மிகுந்து நான் எழுதியது இது:

கணக்கு = [[0] * 4] * 3

மூன்று நிறங்களுக்கு மூன்று பட்டியல்கள் கிடைக்கும் என்று எண்ணினேன். உண்மையில் உள்ளே உருவானது ஒரே பட்டியல். மூன்று இடங்களும் அதையே சுட்டின. கிழக்கில் விடிவெள்ளி, மேற்கில் அந்திவெள்ளி என்கிறோம், கோள் ஒன்றுதானே! சிவப்பில் 12 எழுதியபோது நீலமும் வெள்ளையும் அதே பட்டியலைத்தான் திறந்து காட்டின.

அப்படியானால் [0] * 4 மட்டும் ஏன் தொல்லை தரவில்லை? அங்கும் நான்கு இடங்கள் ஒரே சுழியத்தைத்தான் சுட்டுகின்றன. ஆனால் எண் என்னும் பொருள் மாறாதது. 12-ஐ வைக்கும்போது சுழியம் 12 ஆவதில்லை. அந்த ஓர் இடம் மட்டும் வேறு எண்ணைச் சுட்டத் தொடங்குகிறது. பட்டியலோ உள்ளேயே மாற்றத்தக்க பொருள். இந்த வேறுபாடு புரியாமல் இரண்டு இரவுகள் விழித்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை.

திருத்தம் எளிது:

கணக்கு = [[0] * 4, [0] * 4, [0] * 4]

இப்போது ஒவ்வொரு உள் அடைப்புக்குறியும் தனித்தனிப் பட்டியலை ஆக்கும். அன்று மாலை மொத்தம் 12 என்றே வந்தது.

உங்களுக்கு ஒரு புதிர். என் பழைய, தவறான வரியை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்து

கணக்கு[0] = [0, 12, 0, 0]

என்று எழுதினால் நீலத்தில் என்ன காட்டும்? தாளில் விடை எழுதிய பிறகே கணிப்பொறியைத் தொடுங்கள்.