ஐந்தா, ஏழா, பத்தா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைத்தும் முடிந்தபின் பலருக்கு மிஞ்சுவது ஒரு சின்ன மாத்திரை. தினம் ஒன்று. அதற்காகத் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பஸ் ஏறுகிறார்கள். ஐந்து வருடம் ஆனதும் வீட்டில் கேட்பார்கள்: "கோர்ஸ் முடிஞ்சுதுல்ல, நிறுத்திடலாமா?" சிலருக்கு மருத்துவர் நிறுத்தச் சொல்கிறார். பக்கத்து ஊர்க்காரருக்கோ "இன்னும் ஐந்து வருஷம்" என்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே நோய். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இந்த மாத்திரை எல்லோருக்கும் கிடையாது. கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தால் மட்டுமே பயன். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று குறிப்பிடுவது அதைத்தான். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல, டமாக்சிபென் அந்த ஏற்பிகளில் முதலிலேயே உட்கார்ந்துவிடுகிறது, ஈஸ்ட்ரோஜனுக்கு இடமில்லை. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் வகை மாத்திரைகளின் வேலை வேறு. மாதவிலக்கு நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே அவை தடுக்கின்றன.

டமாக்சிபென்னை 1962இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவாக்கியவர் டோரா ரிச்சர்ட்சன். தேடியது கருத்தடை மாத்திரையை. பெண்களுக்கு அது கருத்தரிப்பைத் தடுக்கவில்லை, முட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது! அங்கே தோற்ற மருந்துதான் புற்றுநோய் சிகிச்சைக்கு வந்தது. முதலில் ஒரு வருடம், பிறகு இரண்டு வருடம், பிறகு ஐந்து என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வருடம் சாப்பிட்டவர்களில், சிகிச்சை தொடங்கியதிலிருந்து முதல் 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அதன் காவல் பல வருடம் நீடிக்கிறது என்பதும் இதில் தெரிந்தது.

அப்படியானால் மேலும் நீட்டினால் மேலும் நல்லதுதானே? அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 'இல்லை' என்றது. அக்குள் நெறிகட்டிக்கு (நிணநீர் முடிச்சு) நோய் பரவாத பெண்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வு அது. அதைத் தொடர்ந்து 1995இல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஐந்து வருடத்தோடு நிறுத்தும்படி அறிவித்தது. நம் ஊர் மருத்துவமனைகள் வரை 'ஐந்து வருஷம்' என்ற கணக்கு நிலைபெற்றது இப்படித்தான்.

2012 டிசம்பரில் வெளியான 'அட்லஸ்' ஆய்வு அந்தக் கணக்கைக் கலைத்தது. 36 நாடுகளில் கிட்டத்தட்ட 13,000 பெண்கள். ஐந்து வருடம் முடித்தவர்களில் பாதிப் பேர் நிறுத்தினார்கள், பாதிப் பேர் பத்து வருடம் வரை தொடர்ந்தார்கள். ஈ.ஆர். பாசிட்டிவ் பெண்களில், ஐந்தாம் ஆண்டிலிருந்து பதினான்காம் ஆண்டு முடியும் வரை மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, நிறுத்தியவர்களுக்கு 15 சதவீதம், தொடர்ந்தவர்களுக்கு 12.2. நூறு பேரில் ஏறக்குறைய மூன்று உயிர். வித்தியாசம் பெரும்பாலும் பத்தாம் ஆண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. முந்தைய ஆய்வு சிறியது, அதிலிருந்தவர்களின் ஆபத்தும் குறைவு. இந்த வித்தியாசம் அதன் கண்ணில் படாததில் வியப்பில்லை. விலையும் உண்டு: கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.6 சதவீதத்திலிருந்து 3.1 ஆனது. அதனால் இறப்பவர்கள் 0.2இலிருந்து 0.4.

இந்த 'மூன்று பேர்' எல்லோருக்கும் சமமாகப் பிரிவதில்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஐந்து வருடத்தோடு மாத்திரையை நிறுத்திய சுமார் 63,000 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அடுத்த 15 ஆண்டுகளில் நோய் உடலின் வேறு இடத்தில் தலைகாட்டும் வாய்ப்பு, கட்டி 2 செ.மீ.க்குள் இருந்து நெறிகட்டிக்குப் பரவாதவர்களுக்கு 13 சதவீதம். கட்டி 2 முதல் 5 செ.மீ. வரை இருந்து, நான்கு முதல் ஒன்பது நெறிகட்டிகளுக்குப் பரவியிருந்தவர்களுக்கு 41. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் ஆபத்து ஓய்ந்துவிடும் என்பது இந்த வகைப் புற்றுநோய்க்குப் பொருந்தாது.

ஆக, ஐந்தாம் வருடத்துக் கேள்விக்கு விடை முதல் வருடத்துக் காகிதத்தில் கிடக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் வந்த பேத்தாலஜி ரிப்போர்ட்: கட்டி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நெறிகட்டி எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது. ஆபரேஷன் சென்னையில், செக்கப் முண்டியம்பாக்கத்தில் என்றால் இந்தக் காகிதம்தான் முதலில் காணாமல் போகும். ஸ்கேன் படத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், இதை விட்டுவிடுவார்கள். நான் சொன்னால் கேட்பவர்களிடம் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்வேன்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆஸ்திரியாவில் 3,484 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. ஐந்து வருட ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு அனாஸ்ட்ரோசோலை இன்னும் இரண்டு வருடம் சாப்பிட்டவர்களுக்கும் ஐந்து வருடம் சாப்பிட்டவர்களுக்கும் நோய் திரும்புவதில் வித்தியாசமே இல்லை. எலும்பு முறிவு மட்டும் ஐந்து வருடக்காரர்களுக்கு அதிகம்: 4.7க்கு 6.3 சதவீதம். பத்து வரை இழுக்காமல் ஏழோடு நிறுத்தலாம் என்று பல மருத்துவர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

மேலைநாடுகளைவிட இந்தியாவில் ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே இந்த நோய் வருகிறது. அதனால் இங்கே ஒரு சிக்கல். நாற்பதைத் தொட்டவருக்கு கீமோவில் மாதவிலக்கு நின்றால், 'நின்றுபோச்சு' என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். சினைப்பை மீண்டும் விழித்துக்கொள்ளலாம். விழித்துக்கொண்டால் லெட்ரோசோல் மட்டும் கொடுப்பது பலிக்காது. மாத்திரையை மாற்றுமுன் ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்ப்பது அவசியம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளம்பெண்களுக்கு 2023இல் நல்ல சேதி வந்தது. ஒன்றரை வருடமாவது சிகிச்சை எடுத்தபின், மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு வருடம் வரை இடைவெளி விட்டவர்களிடம், மூன்று வருடக் கணக்கில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பு தேவைப்படும் விஷயம் இது.

புத்தகக் கணக்கு இப்படி. நாற்று நடக் குனிந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது, ராத்திரி உடம்பெல்லாம் அனல், என்பவருக்கு நூற்றில் மூன்று என்ன பெரிது? பலர் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். நெறிகட்டியில் நோயில்லாத சின்னக் கட்டிக்காரர், வலி தாங்காமல் ஐந்தோடு நிறுத்தினால் குற்ற உணர்ச்சி தேவையில்லை என்பது என் எண்ணம். ஏழெட்டு நெறிகட்டியில் நோய் இருந்தவர் பஸ் செலவுக்கும் முட்டி வலிக்கும் பயந்து நிறுத்துவது அப்படியல்ல. அவருக்கு மாத்திரையை மாற்றித் தர வழி உண்டு; கேட்க வேண்டும்.

டமாக்சிபென் சாப்பிடுபவருக்கு மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி; ரத்தம் உறைந்திருக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் பராக்சிடின், ஃபுளூவாக்சிடின் இரண்டும் டமாக்சிபென் கல்லீரலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கக்கூடியவை. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டர் உட்பட, இந்த மாத்திரை அட்டையைக் காட்டிவிடுவது நல்லது. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல்காரர்கள் நீட்டிப்பதற்கு முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ய வேண்டும். 'இன்னும் ஐந்து' என்று இன்றே கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு வருட செக்கப்பிலும் மறுபடி பேசி முடிவெடுக்கலாம்.