ஆர்க்கிட் பூக்கக் குளிர்ச்சி எப்போது வேண்டும்?

பூத்து நிற்கும் ஆர்க்கிட் செடியை விலை கொடுத்து வாங்கி வருகிறோம். பூக்கள் உதிர்ந்தபின் இலைகள் மட்டும் செழித்து வளர்கின்றன. ஆண்டுகள் சென்றும் மறுபடி ஒரு மொட்டுகூடத் தோன்றுவதில்லை. நீரும் உரமும் குறைவின்றி இட்டும் செடி பூக்காமலிருப்பதேன்? பெரும்பாலும் குளிர்ச்சி போதாமையே காரணம். வீட்டில் ஒரு செடி பூக்காவிட்டால் ஏமாற்றத்தோடு போய்விடும். பசுமைக்குடில் அமைத்து நூற்றுக்கணக்கான செடிகளை வாங்கியவருக்கோ முதலே நட்டமாகும்.

ஆனால் ‘குளிர்ச்சி வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பகலிலா, இரவிலா என்பதையும் கேட்க வேண்டும்.

இரு செடிகள், இரு தேவைகள்

சிக்கிம் மாநிலத்தில் மிகுதியாகப் பயிராகும் பெரும்பூச் சிம்பிடியம் வகைகள், மொட்டு உருவாகும் பருவத்தில் பல வாரங்கள் குளிர்ந்த இரவுகளை நாடுகின்றன. இரவு வெப்பநிலை 14 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்க வேண்டும்.

வண்ணத்துப்பூச்சி போன்ற பூக்களையுடைய ஃபலனாப்சிஸ் வேறு வகை. இலை வளர்க்க அதற்கு வெதுவெதுப்பு வேண்டும். பூந்தண்டு விடவோ, சில வாரங்கள் 26 டிகிரிக்கு மிகாத பகல் வேண்டும். பகல் 29 டிகிரியாக இருந்தால், இரவு குளிர்ந்திருந்தாலும் பூந்தண்டு தோன்றுவது தடைப்படுகிறது என்பதை 2006இல் வெளியான மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

நீர் தரும் குளிர்ச்சி

ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்வது இதனால்தான். பசுமைக்குடிலின் ஒரு பக்கம் நனைந்த அட்டைத் திரையும் எதிர்ப்பக்கம் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் வைப்பதும் இதே தத்துவப்படிதான்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. வெளியே 36 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நண்பகலில், காற்றை 23 டிகிரி வரை குளிர்விக்க இயலும். நடைமுறையில் 26 டிகிரி கிடைக்கும். 28 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இரவிலோ 3 டிகிரி குறைப்பதே அரிது. ஆகவே, நீரைக்கொண்டு பகலைக் குளிர்விக்கலாம். இரவை அவ்வளவாகக் குளிர்விக்க இயலாது.

உயரம் தரும் குளிர்ச்சி

ஆயிரம் மீட்டர் மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் சனவரி இரவுகள் சராசரியாக 16 டிகிரி வரை இறங்குகின்றன. அதே உயரத்திலுள்ள ஓசூரிலும் நிலைமை இதையொட்டியே இருக்கும். சிம்பிடியத்திற்கு இன்னும் 2 டிகிரி குறைய வேண்டும்! 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டிலோ கணக்குப்படி 12 டிகிரி கிடைக்கும். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா 1963 முதல் அங்கே இயங்கி வருகிறது.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ரோஜாப் பசுமைக்குடில்கள் நிறைந்த ஓசூர் வட்டாரத்தில் விசிறியும் ஈரத்திரையும் கொண்டு ஃபலனாப்சிஸைப் பூக்க வைக்கலாம். பெரும்பூச் சிம்பிடியத்திற்கோ இரவெல்லாம் குளிரூட்டும் இயந்திரம் ஓட வேண்டும், மின்கட்டணம் கட்டுப்படியாகாது. சிம்பிடியமே வேண்டுமென்பவர்கள், வெப்பத்தைத் தாங்கும் சிம்பிடியம் என்சிஃபோலியத்தின் வழிவந்த கலப்பினங்களை நாடலாம். ‘கோல்டன் எல்ஃப்’ அத்தகைய ஒன்று.

அஞ்செட்டிப் பக்கத்து நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களில் மேடும் பள்ளமும் அடுத்தடுத்து இருப்பதால், அண்டை ஊரின் வெப்பநிலையை நம்பி முதலீடு செய்தல் கூடாது. பெரும-சிறும வெப்பநிலைமானி ஒன்றை நிழலில் தொங்கவிட்டு, நவம்பர் முதல் சனவரி வரை நாள்தோறும் இரு அளவுகளையும் குறித்து வாருங்கள். எந்தச் செடியை வாங்கலாம் என்பதை அந்த மூன்று மாதக் குறிப்பே சொல்லிவிடும்.