கடலில் மின்னல் இறங்கும் வழி

அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழை மே மூன்றாம் வாரத்தையொட்டியே வந்துவிடும். அதற்கு முந்தைய வாரங்களிலும் ஐப்பசியிலும் கடல்மேல் இடிமேகம் திரண்டால், சுற்றுவட்டாரத்தில் உயர்ந்து நிற்பது படகு மட்டும்தான். சென்னையிலிருந்து வரும் 'நான்கௌரி' போன்ற இரும்புக் கப்பலில் மின்னல் விழுந்தால் அதன் உடல் வழியாகவே கடலுக்குள் இறங்கிவிடும். ஜங்லிகாட் துறையிலிருந்து மீன்பிடிக்கக் கிளம்பும் கண்ணாடியிழைப் படகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. சுமார் 30,000 ஆம்பியர் மின்சாரம் வழி தேடி ஆன்டெனா, எஞ்சின், ஆள் என்று தாவும். சில சமயம் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு போகும்.

இடிதாங்கி மின்னலை விரட்டாது, அது இறங்க ஒரு வழி போட்டுத் தரும். மரக்கப்பல் காலத்தில், புயல் நேரத்தில் மட்டும் கடலில் தொங்கவிடும் சங்கிலிகள் இருந்தன. எடுத்து மாட்டுவதற்குள் இடி விழுந்துவிடும். வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் பாய்மரத்திலேயே செப்புப் பட்டைகளைப் பதித்து அடிவரை கொண்டுபோனார். 1831இல் டார்வின் ஏறிய பீகிள் கப்பலில் அந்த ஏற்பாடு இருந்தது.

சிறுபடகுக்கும் அதே வழிதான்: உச்சியில் ஒரு கம்பி, அதிலிருந்து 20 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பி, நீருக்கடியில் ஏறக்குறைய ஒரு சதுர அடிச் செப்புத் தகடு. கம்பி நேராக இறங்க வேண்டும். சட்டென்று மடக்கினால் மின்னல் அந்த மடக்கிலேயே பக்கத்துப் பொருளுக்குத் தாவிவிடும்.

கருவிகளை இது மட்டும் காப்பாற்றாது. பக்கத்தில் விழும் மின்னலே கம்பிகளில் மின்னழுத்தத்தைத் தூண்டி ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். மூன்றையும் கருக்கிவிடும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்புவது தவறு. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்ததற்கு சுவிட்சின் இடைவெளி எம்மாத்திரம்? மின்சார வயரையும் ஆன்டெனா வயரையும் கழற்ற வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தாலே கழற்றியிருக்க வேண்டும். கையடக்க ஜி.பி.எஸ்.ஸைத் துணியில் சுற்றி, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். உலோகக் கூட்டுக்குள் மின்புலம் புகாது என்று 1836இல் ஃபாரடே காட்டியது இங்கே உதவும்.

கரை மறைந்தால் செல்போன் எடுக்காத கடல் இது. இடி விழுந்தபின் முதலில் படகின் அடியில் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு திசைகாட்டியைச் சூரியனோடும் தெரிந்த தீவோடும் ஒப்பிடுங்கள். மின்னல் அதன் முள்ளையும் திருப்பிவிட்டிருக்கலாம்.