சித்தப்பாவின் புதிய ரிம்
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

காரின் ரிம்மைப் பற்றிப் பெண்பிள்ளைக்கு என்ன கட்டுரை என்று எண்ணி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். கணிதப் பாடத்தில் நாம் படித்த வட்டமும் விட்டமும் எனக்குப் பயன்பட்ட கதை இது.

எங்கள் சித்தப்பாவின் காரில் 14 அங்குல இரும்பு ரிம்கள் இருந்தன. அவை அழகாயில்லை என்று கடந்த கோடை விடுமுறையில் 16 அங்குல அலாய் ரிம்களை வாங்கி மாட்டினார். “நான்கு துளையும் பொருந்துகிறது, வேறென்ன வேண்டும்?” என்றாராம் கடைக்காரர். மறுவாரம் ஐவர் மூட்டை முடிச்சுகளுடன் தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். திருப்பத்திலும் பள்ளத்திலும் ‘கரகர’வென்று ஓசை. நாகப்பட்டினம் அருகே இறங்கிப் பார்த்தால், முன் டயரின் ஓரம் மட்கார்டில் உராய்ந்து நூல் தெரிந்தது! “மாதாவை வேண்டுவது என் வேலை, டயரைப் பார்ப்பது உன் வேலையடா” என்று பாட்டி சித்தப்பாவைக் கடிந்துகொண்டார்.

வீடு திரும்பியதும் தாளும் பென்சிலும் எடுத்தேன். பழைய டயரின் பக்கவாட்டில் 165/80 R14 என்று பொறித்திருந்தது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் 80 விழுக்காடு. (இங்கேதான் நானும் முதலில் தவறினேன்.) R என்றால் ரேடியல் வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மை நாடாவால் அளந்தபோது 15 அங்குலத்துக்கும் சற்று மேலே வந்தது! டயர் உட்காரும் உள்விளிம்பைத்தான் அளவாகக் கொள்வார்களாம், வெளிவிளிம்பை அன்று.

இனிக் கணக்கு. 165இல் 80 விழுக்காடு 132. மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்கள், ஆகவே 264. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. எனவே ரிம் 355.6. ஆக, சக்கரத்தின் முழு உயரம் 619.6 மி.மீ.

சித்தப்பா மாட்டியதோ 195/60 R16. அதே முறையில் கூட்டினால் 640.4 வருகிறது. ஏறக்குறைய 21 மி.மீ. உயரம் கூடுதல், 30 மி.மீ. அகலமும் கூடுதல். உராயாமல் என்ன செய்யும்? உயரம் கூடினால் சுற்றளவும் கூடும். ஆகையால் வேகமுள் முன்போலவே 80 காட்டினாலும், வண்டி முன்பைவிட 3.4 விழுக்காடு விரைவாக ஓடிக்கொண்டிருக்கும்.

ரிம்மைப் பெரிதாக்கவே கூடாதா? ஆக்கலாம்; அதற்கேற்பப் பக்கச்சுவர் குறைய வேண்டும். 185/65 R15 என்றால் 621.5, 195/55 R16 என்றால் 620.9. இரண்டும் பழைய உயரத்தை ஒட்டியே வருகின்றன. ஆனால் இரண்டாவதில் பக்கச்சுவர் 132இலிருந்து 107 மி.மீ. ஆகிவிடுகிறது. பள்ளத்தில் விழும் அடியைத் தாங்கும் ரப்பர் மெலிந்தால் அடி ரிம்மில் இறங்கி அது நெளியும். எங்கள் தெருவைப் பார்த்தவர்கள் 15 அங்குலத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

கடைக்காரர் சொன்ன துளைக்கணக்கிலும் குறை உண்டு. நான்கு துளை என்பது மட்டும் போதாது. அத்துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம் சில கார்களில் 100 மி.மீ., சிலவற்றில் 114.3 மி.மீ. நடுத்துளையும் சரியாக அமைய வேண்டும். ரிம்மைக் காரோடு பொருத்தும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ‘ஆஃப்செட்’ என்கிறார்கள். அது குறைந்தால் சக்கரம் வெளியே துருத்திக்கொள்ளும். இவற்றுடன் டயர் தாங்கும் எடையையும் பார்க்க வேண்டும். அளவை அடுத்து 85 என்றிருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். புதியதில் அந்த எண் பழையதைவிடக் குறையலாகாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியுள்ள தாளிலும் காரின் கையேட்டிலும் ஏற்ற அளவுகளைக் காணலாம்.

என் தாளைச் சித்தப்பா இருமுறை படித்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மாடியிலிருந்து பழைய இரும்பு ரிம்களை உருட்டிக்கொண்டு இறங்கினார்.